நாற்பக்கலில் எந்தக் கோணம் பெரிது? பக்க நீளம் மட்டும் தெரிந்தால் எவ்வளவு தூரம் சொல்லலாம்?

#1 கொட்டகலை_சாதாரணதரம்

வணக்கம். கசடத என்ற நாற்பக்கலில் கச = 4 செ.மீ., சட = 6 செ.மீ., டத = 9 செ.மீ., தக = 7 செ.மீ. ∠க > ∠ட என்று நிறுவ வேண்டும். "மிக நீண்ட பக்கத்துக்கு எதிரே மிகப் பெரிய கோணம்" என்ற தேற்றத்தைப் போட்டால் பிழை என்கிறார்கள். டத தான் நீளமான பக்கம், அதற்கு எதிரே இருப்பது க-வா, ச-வா என்றே விளங்கவில்லை. பாகைமானியால் அளந்து எழுதினால் ஏற்றுக்கொள்வார்களா?

#2 ஹட்டன்_கேத்திரகணிதம்

தம்பி, உங்கள் குழப்பத்துக்குள்ளேயே பதில் இருக்கிறது. முக்கோணியில் ஒவ்வொரு பக்கத்துக்கும் எதிரே ஒரே ஒரு உச்சிதான் உண்டு. நாற்பக்கலில் ஒரு பக்கத்துக்கு எதிரே இன்னொரு பக்கம்தான் நிற்கும். டத-க்கு எதிரே கச இருக்கிறது, அதன் இரண்டு முனைகளிலும் இரண்டு கோணங்கள் இருக்கின்றன. ஆகவே அந்தத் தேற்றத்தை நாற்பக்கலில் நேரே பிரயோகிக்க இடமே இல்லை. முதலில் அதை முக்கோணிகளாக உடைக்க வேண்டும்.

∠க-வையும் ∠ட-வையும்தான் ஒப்பிடக் கேட்டிருக்கிறார்கள். எனவே அந்த இரண்டையும் ஒருசேர வெட்டும் மூலைவிட்டம் கட-வை வரையுங்கள். சத-வை வரைந்தால் ∠க ஒரு முக்கோணிக்குள்ளும் ∠ட இன்னொரு முக்கோணிக்குள்ளும் முழுசாகப் போய்விடும், ஒப்பிட எதுவும் மிஞ்சாது. பலர் தடுக்கி விழுவது இந்த இடத்தில்தான்.

முக்கோணி கசட-வில் சட > கச. எனவே ∠சகட > ∠சடக.
முக்கோணி கடத-வில் டத > தக. எனவே ∠டகத > ∠கடத.
இரண்டையும் கூட்டினால் ∠சகத > ∠சடத, அதாவது ∠க > ∠ட.

பாகைமானி வேண்டாம். நான்கு பக்கங்களை மட்டும் கொடுத்தால் நாற்பக்கலின் வடிவம் ஒன்றாக நிற்காது. நீங்கள் அளப்பது நீங்கள் வரைந்த அந்த ஒரு வடிவத்தை மட்டும்.

#3 பதுளை_டீச்சர்

மேலே சொன்னது சரி. விடைத்தாளில் புள்ளி குறையும் இடங்களை மட்டும் சேர்க்கிறேன்.

ஒவ்வொரு சமனிலிக்கும் முன்னால் எந்த முக்கோணி என்று எழுத வேண்டும். "சட > கச, ஆகவே ∠சகட > ∠சடக" என்று மட்டும் எழுதினால், அந்த இரண்டு பக்கங்களும் ஒரே முக்கோணியில் இருப்பதை நீங்கள் கவனித்தீர்களா என்பது திருத்துபவருக்குத் தெரியாது. அடுத்தது, எந்தப் பக்கத்துக்கு எதிரே எந்தக் கோணம் என்று பார்க்கும் பழக்கம். பக்கத்தின் பெயரில் இல்லாத எழுத்துத்தான் எதிர் உச்சி. முக்கோணி கசட-வில் சட-க்கு எதிரே க, கச-க்கு எதிரே ட. படத்தைப் பார்த்துத் தடுமாறுகிறவர்கள் இப்படி எழுத்தைப் பார்த்தால் தவற மாட்டார்கள்.

தேற்றத்தின் நிறுவலையும் தெரிந்து வைத்திருங்கள், சின்னதுதான். முக்கோணி கசட-வில் கட > கச என்க. கட-வின் மேல் கப = கச ஆகும்படி ப-வைக் குறித்து சப-வை இணையுங்கள். முக்கோணி கசப இருசமபக்க முக்கோணி, எனவே ∠கசப = ∠கபச. இந்த ∠கபச, முக்கோணி பசட-வின் புறக்கோணம். அதனால் அகத்தெதிர்க் கோணமான ∠ட-வை விடப் பெரியது. முழுக் கோணமான ∠கசட, தன் பகுதியான ∠கசப-வை விடப் பெரியது. ஆக ∠ச > ∠ட. இருசமபக்க முக்கோணித் தேற்றமும் புறக்கோணத் தேற்றமும் போதும், வேறொன்றும் தேவையில்லை.

கி.மு. 300 அளவில் கிரேக்கக் கணிதர் யூக்ளிட் தொகுத்த 'மூலங்கள்' நூலின் முதலாம் புத்தகத்தில் இது 18ஆவது. மறுதலை, அதாவது பெரிய கோணத்துக்கு எதிரே பெரிய பக்கம் என்பது 19ஆவது. இரு பக்கங்களின் கூட்டுத்தொகை மூன்றாவதை விடப் பெரியது என்பது 20ஆவது. அதை 19-இலிருந்துதான் பெறுகிறார். இந்த வரிசையிலேயே படித்தால் மனதில் நிற்கும்.

#4 கொட்டகலை_சாதாரணதரம்

நன்றி சேர், நன்றி டீச்சர். இதே மாதிரி சத-வை வரைந்து ∠ச > ∠த என்றும் எடுத்துவிட்டேன்: தக > கச, டத > சட. அப்படியென்றால் ∠க, ∠ச இரண்டில் எது பெரிது? தக 7, சட 6. தக நீளமாக இருப்பதால் ∠க பெரிது என்று சொல்லலாமா?

#5 ஹட்டன்_கேத்திரகணிதம்

சொல்ல முடியாது. இதற்கு நிறுவல் தேடி நேரத்தைப் போக்க வேண்டாம். மூலைவிட்டம் கட-வுக்கு இரண்டு வெவ்வேறு நீளம் கொடுத்துப் பாருங்கள்.

கட = 8 செ.மீ. என்றால் (மூன்று பக்கங்களிலிருந்து கோணம் காணும்) கோசைன் சூத்திரப்படி ∠க சுமார் 120°, ∠ச 104.5°, ∠ட 77.1°, ∠த 58.4°.
கட = 9 செ.மீ. என்றால் ∠க 99.2°, ∠ச 127.2°, ∠ட 66.5°, ∠த 67.1°.

நான்கு பக்கங்களும் அதே 4, 6, 9, 7 தான். முதலாவதில் ∠க பெரிது, இரண்டாவதில் ∠ச பெரிது. ∠ட-வும் ∠த-வும்கூட இடம் மாறிவிட்டன. ஆனால் ∠க > ∠ட, ∠ச > ∠த என்பவை இரண்டிலும் அசையவில்லை. பக்க நீளம் உறுதியாகத் தருவது அந்த இரண்டைத்தான்.

கையால் பார்க்க வேண்டுமென்றால் தடித்த மட்டையில் நான்கு கீலங்கள் வெட்டி, முனைகளில் 4, 6, 9, 7 செ.மீ. இடைவெளியில் துளையிட்டுக் குண்டூசியால் இணையுங்கள். துளையிலிருந்து துளைக்குத்தான் அளக்க வேண்டும். கீலத்தின் விளிம்பிலிருந்து விளிம்புக்கு அளந்தால் நீளம் எல்லாம் பிழையாகும். இணைத்த பிறகு மெல்ல அசைத்தால் வடிவம் மாறிக்கொண்டே போகும். மூன்று கீலங்களால் செய்த முக்கோணி அசையாது.

#6 பண்டாரவளை_இணைந்தகணிதம்

இதைப் பொதுவாகவே எழுதிவிடலாம். கச மிகக் குறுகிய பக்கம், டத மிக நீண்ட பக்கம் என்றால் எந்த நாற்பக்கலிலும் ∠க > ∠ட, ∠ச > ∠த. இரண்டையும் கூட்டினால் ∠க + ∠ச > ∠ட + ∠த. நான்கும் சேர்ந்து 360° என்பதால் ∠ட + ∠த 180°-ஐ விடக் குறைவு. அதனால் தக, டச இரண்டையும் க, ச-வுக்கு அப்பால் நீட்டினால் அவை சந்தித்தே தீரும். தக-வும் சட-வும் ஒருபோதும் சமாந்தரமாகா. பக்க நீளத்திலிருந்து சமாந்தரம் இல்லை என்பது வரைக்கும் வந்துவிடுகிறோம்.

#7 பதுளை_டீச்சர்

"எந்த நாற்பக்கலிலும்" என்பதை ஏற்க மாட்டேன் சேர். குவிவான நாற்பக்கலில், அதாவது எந்தக் கோணமும் 180°-ஐத் தாண்டாததில் மட்டும்தான் அது முழுமையாகச் சரி. குழிவானதில் பாதி உடைகிறது. கீழே உள்ளதை அமைத்துப் பாருங்கள், A4 தாளில் அடங்கும்.

சத = 10 செ.மீ. வரையுங்கள். கவராயத்தில் 9 செ.மீ. எடுத்து ச-விலிருந்து ஒரு வில், 10 செ.மீ. எடுத்து த-விலிருந்து ஒரு வில். சத-வுக்கு மேலே அவை வெட்டும் இடம் ட. பிறகு ச-விலிருந்து 3 செ.மீ., த-விலிருந்து 8 செ.மீ. அதே மேற்பக்கத்திலேயே வெட்டும் இடம் க. க இப்போது முக்கோணி சடத-வுக்கு உள்ளே விழும். நாற்பக்கலின் பக்கங்கள் கச = 3, சட = 9, டத = 10, தக = 8. மிகக் குறுகியது கச, மிக நீண்டது டத. நிபந்தனை எல்லாம் சரி.

இப்போது அளந்து பாருங்கள். ∠ச சுமார் 22°, ∠த சுமார் 39°. ∠ச < ∠த!

எங்கே பிழைத்தது? க-வில் பின்வளைகோணம் (180°-ஐ விடப் பெரிய கோணம்) இருப்பதால் மூலைவிட்டம் சத உருவுக்கு வெளியே கிடக்கிறது. ∠சதட-வை விட ∠டசத பெரிது, ∠கதச-வை விட ∠கசத பெரிது, இரண்டும் உண்மைதான். ஆனால் இங்கே நாற்பக்கலின் ∠ச கிடைப்பது கூட்டியல்ல, ∠டசத-விலிருந்து ∠கசத-வைக் கழித்து. ஒரே திசைச் சமனிலிகளைக் கூட்டலாம், கழிக்கக் கூடாது. 9 > 4, 7 > 1 என்றிருக்க, 9 − 7 = 2, 4 − 1 = 3. திசை திரும்பிவிட்டது.

க-வை சத-வுக்குக் கீழே வைத்தால் அதே நீளங்களுக்கு ∠ச 104.7°, ∠த 67.8° என்று வரும், தேற்றம் சரியாக நிற்கும்.

#8 பண்டாரவளை_இணைந்தகணிதம்

நீங்கள் சொல்வது சரி டீச்சர், "குவிவான" என்ற சொல்லை நான் விட்டது பிழை. 63.3° − 41.4° = 21.9°, 53.5° − 14.4° = 39.1°, கணக்கும் பொருந்துகிறது.

ஒன்று மட்டும் மிச்சமிருக்கிறது. பின்வளைகோணம் எந்த உச்சியில் வரலாம்? ட-வில் வருகிறது என்று வைப்போம். அப்போது மூலைவிட்டம் கட உள்ளேதான் இருக்கும், பழைய நிறுவல் அப்படியே செல்லும், ∠க > ∠ட என்று வரும். ஆனால் ∠ட 180°-ஐ விடப் பெரியது, ஒரு நாற்பக்கலில் இரண்டு பின்வளைகோணம் இருக்க முடியாது, எனவே ∠க 180°-ஐ விடச் சிறியது. முரண்பாடு. த-வுக்கும் இதே கதி. ஆகவே மிக நீண்ட பக்கத்தின் முனைகளில் அது வரவே வராது. க-வில் அல்லது ச-வில் மட்டும்தான். க-வில் வந்தால் ∠க > ∠ட பிழையாகாது, ∠ச, ∠த ஒப்பீடுதான் உத்தரவாதம் இழக்கிறது. ச-வில் வந்தால் மற்றச் சோடி.

அதோடு, ∠க > ∠ட என்று காட்ட "மிகக் குறுகியது, மிக நீண்டது" என்ற அளவுக்குக் கடுமையான நிபந்தனை தேவையுமில்லை. குவிவான நாற்பக்கலில் கச < சட, கத < டத என்ற இரண்டு மட்டும் போதும். பட்டத்தில் கச = கத = 5, டச = டத = 8 என்றால் க-வில் உள்ள கோணம் ட-வில் உள்ளதை விடப் பெரிது என்பது இதனால் ஒரே வரியில் வரும்.

#9 தலவாக்கலை_படவரைஞர்

இந்த இழையில் கட்டட வேலைக்கு நேரே உதவும் விஷயம் ஒன்று இருக்கிறது. அத்திவாரத்துக்கு முளை அடித்துக் கயிறு கட்டிய பிறகு மூலைவிட்டம் இரண்டையும் டேப்பால் அளந்து பார்க்கிறோமே, அதற்கு ஆதாரம் என்ன? இரண்டு மூலைவிட்டமும் ஒத்து வராவிட்டால் எந்த மூலை அகலம், எந்த மூலை ஒடுக்கம், எவ்வளவு நகர்த்த வேண்டும் என்பதைக் கணக்கோடு யாராவது எழுதினால் மேசன்மாருக்கும் பயன்படும்.

#10 ஹட்டன்_கேத்திரகணிதம்

அதற்கு வேறு தேற்றம். கவராயத்தை எடுத்துக்கொள்ளுங்கள் அண்ணே. கால்களின் நீளம் மாறாது. அகலத் திறந்தால் முனைகளின் இடைவெளி கூடும், ஒடுக்கினால் குறையும். இரு முக்கோணிகளில் இரண்டு சோடிப் பக்கங்கள் சமமாக இருந்து, இடைப்பட்ட கோணம் ஒன்றில் பெரிதானால் அதற்கு எதிரான மூன்றாம் பக்கமும் பெரிது. மறுதலையும் உண்மை. யூக்ளிட்டின் வரிசையில் 24ஆவதும் 25ஆவதும் இவை.

எதிர்ப் பக்கங்கள் சமமான இணைகரத்தில் ஒரு மூலைவிட்டம் ஒரு சோடி மூலைகளைப் பார்த்தபடி இருக்கும். நீளமான மூலைவிட்டம் எந்த மூலைகளைப் பார்க்கிறதோ அவை அகலமானவை. அது எந்த மூலைகளில் போய் முடிகிறதோ அவை ஒடுங்கியவை. வேலைத்தளத்தில் இதைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு முளையை எதிர்ப் பக்கம் தள்ளுவதுண்டு, வித்தியாசம் இரட்டிப்பாகும்.

அளவுக்கு வருவோம். நீளமான மூலைவிட்டத்தின் வர்க்கத்திலிருந்து மற்றதன் வர்க்கத்தைக் கழித்தால், இரு பக்கங்களின் பெருக்கத்தின் 4 மடங்கை ஒடுங்கிய கோணத்தின் கோசைனால் பெருக்கியது வரும். 12 அடிக்கு 10 அடி அறையில் மூலைவிட்டம் 15 அடி 7½ அங்குலம் அளவில் வர வேண்டும். இரண்டுக்கும் 2 அங்குல வித்தியாசம் இருந்தால் மூலைகள் 89.4°, 90.6°. 10 அடிச் சுவரின் முனை சுமார் 1.3 அங்குலம் விலகியிருக்கிறது. எனவே 12 அடிப் பக்கங்களில் ஒன்றின் இரண்டு முளைகளையும் ஒன்றாக 1.3 அங்குலம், நீளமான மூலைவிட்டம் குறையும் திசைக்குத் தள்ளுங்கள். ஒரு முளையை மட்டும் தள்ளினால் பக்க நீளம் கெட்டுவிடும்.

மூலைவிட்டம் சமம் என்பது மட்டும் போதாது என்பதையும் எழுதிவிடுகிறேன். முன்சுவர் 12 அடி, பின்சுவர் 11 அடி 10 அங்குலம், பக்கச் சுவர்கள் இரண்டும் 10 அடி. மூலைவிட்டங்கள் கச்சிதமாகச் சமமாக வரும், ஆனால் நான்கு மூலைகளும் ஏறக்குறைய அரைப் பாகை பிசகியிருக்கும். முதலில் எதிர்ப் பக்கங்கள், பிறகுதான் மூலைவிட்டம்.

#11 தலவாக்கலை_படவரைஞர்

மிக்க நன்றி சேர். நம்ம பக்கத்து நிலத்துக்கு இதோடு ஒன்று சேர்க்க வேண்டும். டேப்பைச் சரிவோடு படுக்கவைத்து அளந்தால் மேலே உள்ள எதுவும் செல்லாது. மலைச்சரிவில் அளவு எப்போதும் கிடையாக எடுக்க வேண்டும்.

20° சரிவான நிலத்தில், மூலைவிட்டம் ஒன்று நேரே பள்ளத்தை நோக்கி இறங்கும்படி 10 அடிச் சதுரம் ஒன்றைச் சரிவோடு ஒட்டி அளந்து குறித்தால், டேப்பில் நான்கு பக்கமும் 10 அடி, இரண்டு மூலைவிட்டமும் 14 அடி 1¾ அங்குலம், எல்லாம் சரி போலத் தெரியும். தளம் மட்டம் போட்டதும் உண்மை வெளியே வரும். சரிவின் குறுக்கே போகிற மூலைவிட்டம் அதே 14 அடி 1¾ அங்குலமாக நிற்க, இறங்குகிற மூலைவிட்டம் கிடையாக 13 அடி 3½ அங்குலம்தான். பக்கங்கள் ஒவ்வொன்றும் 9 அடி 8½ அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு. சதுரம் சாய்சதுரமாகிவிட்டது. மேல் மூலையும் கீழ் மூலையும் 93.6°, பக்கத்து மூலைகள் இரண்டும் 86.4°. நீண்ட மூலைவிட்டம் பார்க்கும் மூலைகள்தான் அகலம், சேர் சொன்ன அதே விதி.

ஒரு சோடிப் பக்கம் சரிவின் குறுக்கே மட்டமாகவும் மறுசோடி நேரே இறங்கியும் இருந்தால் மூலைகள் 90°-ஆகவே இருக்கும், நீளம் மட்டும் ஏமாற்றும். அதனால் சில இடங்களில் பிழை வெளியே தெரியாமல் போகிறது, அதை வைத்து "சரிவோடு அளந்தாலும் பாதகமில்லை" என்று நினைத்துவிடக் கூடாது.

செய்ய வேண்டியது: மேல் முளையில் டேப்பின் நுனியை நிலத்தோடு பிடித்து, கீழ் முனையை உயர்த்தி, தண்ணீர்க் குழாயால் மட்டம் பார்த்து, தூக்குக்குண்டால் புள்ளியை நிலத்தில் இறக்குவது. மேலே சொன்ன மூலைவிட்டத்தில் இறக்கம் கிட்டத்தட்ட 4 அடி 10 அங்குலம். ஒரே வீச்சில் பிடித்தால் டேப் தொய்யும், தொய்ந்த டேப் நீளத்தைக் கூட்டிக் காட்டும். இரண்டு மூன்று படியாக இறக்குவது நல்லது.

கூரைக்கும் இதே கணிதம்தான். முகட்டு வளை நடுவில் இல்லாத தகரக் கூரையில் முன் கைமரம் 9 அடி, பின் கைமரம் 7 அடி, இரு சுவர்த் தலைகளும் ஒரே மட்டத்தில், அகலம் 14 அடி என்று வையுங்கள். முன்பக்கச் சாய்வுக் கோணம் பின் கைமரத்துக்கு எதிரே இருக்கிறது. ஆகவே நீளமான கைமரம் உள்ள பக்கம்தான் சாய்வு குறைந்தது: முன்னே 25°, பின்னே 33°. மழைத்தண்ணீர் மெதுவாக ஓடுவது முன்பக்கம், தகர மூட்டுகளில் மேற்படிவை அங்கேதான் கூட்டிப் போட வேண்டும்.

#12 கொட்டகலை_சாதாரணதரம்

கூரைக் கணக்கு நன்றாக விளங்கியது அண்ணே. #10-இல் உள்ள தேற்றத்தில் ஒரு சந்தேகம். இரண்டு வெவ்வேறு முக்கோணிகளில் ஒன்றின் பக்கம் நீளமாக இருந்தாலே அதற்கு எதிரான கோணமும் பெரிது என்று எடுக்கலாமா?

#13 பதுளை_டீச்சர்

கூடவே கூடாது. 10, 10, 10 முக்கோணியில் 10-க்கு எதிரே 60°. 3, 4, 5 முக்கோணியில் 5-க்கு எதிரே 90°. மற்ற இரண்டு சோடிப் பக்கங்களும் சமம் என்ற நிபந்தனை இல்லாமல் முக்கோணி விட்டு முக்கோணி தாவ முடியாது.

ஒரே முக்கோணிக்குள்ளும் விகிதம் எடுக்கக் கூடாது. 4, 5, 6 முக்கோணியில் 6-க்கு எதிரான கோணம் 4-க்கு எதிரானதைப் போல் சரியாக 2 மடங்கு, 82.8°-யும் 41.4°-யும். பக்கமோ ஒன்றரை மடங்குதான். வரிசை கிடைக்கும், விகிதம் கிடைக்காது.

இப்போது இதைச் செய்யுங்கள். முக்கோணி கசட-வில் கச > கட. சட-வின் நடுப்புள்ளி ந. ∠சகந, ∠டகந இரண்டில் எது பெரிது? அவசரப்படாதீர்கள்.

#14 கொட்டகலை_சாதாரணதரம்

முதலில் ∠சகந என்றுதான் நினைத்தேன், ஆனால் அந்த இரண்டு கோணங்களும் ஒரே முக்கோணியில் இல்லை. இப்படிச் செய்தேன்:

கந-வை ந-வுக்கு அப்பால் நீட்டி நப = கந ஆகும்படி ப-வைக் குறித்தேன். பட-வை இணைத்தேன்.
முக்கோணி கநச ≡ முக்கோணி பநட. எனவே டப = கச, ∠டபந = ∠சகந.
கச > கட என்பதால் டப > கட.
முக்கோணி கடப-வில் ∠டகப > ∠டபக.
எனவே ∠டகந > ∠சகந. குறுகிய பக்கத்தோடு சேர்ந்த கோணம்தான் பெரிது.

#15 பதுளை_டீச்சர்

நிறுவல் சரி. இரண்டாவது வரியில் ஒருங்கிசைவுக்குக் காரணம் எழுதவில்லை: கந = பந (அமைப்பு), சந = டந (தரவு), ∠கநச = ∠பநட (குத்தெதிர்க் கோணங்கள்), எனவே பக்கம்-கோணம்-பக்கம். அதை எழுதாவிட்டால் புள்ளி போகும்.

இதிலிருந்தே இன்னொன்றும் வரும். ∠டகந முழுக் கோணத்தின் பாதியை விடப் பெரியது என்பதால் ∠க-வின் இருசமகூறாக்கி ந-வுக்கும் ட-வுக்கும் இடையில்தான் சட-வை வெட்டும். கச = 9, கட = 6, சட = 10 செ.மீ. எடுத்து வரைந்து பாருங்கள். நடுப்புள்ளி ச-விலிருந்து 5 செ.மீ.-இல், இருசமகூறாக்கி வெட்டுவது 6 செ.மீ.-இல்.